மெஷினை அணைத்துவிட்டு உளியை எடுங்கள்!

மெஷினில் பழகிய கை, உளியிலும் அதே வேகத்தைத் தேடும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் மோட்டார் தன் பலத்தால் அறுத்துவிடும். உளி அப்படியல்ல. அதனால் முதல் பாடம் மரத்தில் இல்லை, சாணைக்கல்லில்தான். உளியை 25 டிகிரி சாய்வில் தீட்டி, நுனியை மட்டும் 30 டிகிரியில் கூராக்குங்கள். மழுங்கிய உளியைத்தான் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும். வழுக்கிக் கையைப் பதம் பார்ப்பதும் அதுதான். உளி முனைக்கு முன்னால் விரல் வேண்டவே வேண்டாம்.

தொடங்குவதற்குக் கைரம்பம், இழைப்புளி, இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம் போதும். இழைக்கும்போது மரம் பிய்ந்து வந்தால், ரேகைக்கு எதிராக இழைக்கிறீர்கள். பலகையைத் திருப்பிப் போடுங்கள்.

மெஷினை விற்றுவிட வேண்டாம். கனமான பலகையை அது அறுக்கட்டும். ஜாயின்ட்டைக் கை செய்யட்டும். இரைச்சலும் பறக்கும் தூசியும் குறைவதால், குழந்தை தூங்கும் வீட்டிலும் வேலை நடக்கும்!