நான்கு ஆண்டு அவகாசம்

ஏப்ரல் 14 அன்று காலை. எங்கள் தெருமுனையில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட ஏணி வைத்தோம். ஏறியவன் தெருவிலேயே வளர்ந்த தம்பி. வயது இருபத்து நான்கு. பி.காம். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, சாரத்திலிருந்து விழுந்த அவன் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மறு வாரமே சென்னைக்குப் பஸ் ஏறியவன், அப்பா பார்த்த சென்ட்ரிங் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். மூன்று தாள்கள் அரியர். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

மாலை போட்டுவிட்டு இறங்கியவனிடம், "அரியர் எழுதினியா தம்பி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய நேரமில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவன் சிலையைப் பார்த்துச் சிரித்தான்.

"அவருக்கென்ன அண்ணா, கோட்டு சூட்டு போட்டு வெளிநாட்ல படிச்சவரு. ஸ்காலர்ஷிப் குடுத்தாங்க, போனாரு. நமக்கு இங்க மூணு பேப்பரே முடியல. இனிமே போயி உக்காந்தா சின்னப் பசங்க சிரிப்பாங்க."

பதில் சொல்லத் தோன்றவில்லை. அவன் போன பிறகுதான் உறைத்தது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம், 'படிப்பால் உயர்ந்தவர்' என்று மேடையில் முழங்குகிறோம். அந்தப் படிப்பு பாதியில் நின்றுபோன கதையை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை.

ஆம், பாபாசாகேப்பின் படிப்பும் பாதியில் நின்றதுதான். அவரும் பணமில்லாமல்தான் ஊர் திரும்பினார்.

பணம் தீர்ந்தது

1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு, பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையில் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916இல் லண்டனுக்குச் சென்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் உயர் படிப்புக்கும், கிரேஸ் இன்னில் சட்டப் படிப்புக்கும் சேர்ந்தார்.

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில், சட்டம் பாதியில். கையில் காசில்லை. கப்பல் ஏறி ஊர் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் சேர்த்த புத்தகங்கள் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானியர் டார்பிடோ ஏவி மூழ்கடித்தார்கள். அரைவயிறு உண்டு மிச்சம்பிடித்த காசில் வாங்கிய புத்தகங்கள் கடலுக்குள் போயின.

இந்த இடத்தை மாணவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். லண்டனை விட்டுக் கிளம்பும் முன் அவர் ஒரு வேலை செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தின் அனுமதியை வாங்கிக்கொண்டார். பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு உதவினார்.

அவரிடம் அன்று பணம் இல்லை. திரும்பி வர வழி இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆனால், படிப்பு முடிந்துபோனதாக யாரும் எழுதிவிடாதபடி பார்த்துக்கொண்டார். நின்ற படிப்புக்கு ஒரு தேதி குறித்து வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

பதினோராம் நாள்

ஊர் திரும்பியவருக்கு என்ன கிடைத்தது? பரோடாவில் பெரிய உத்தியோகம் காத்திருந்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு கூட்டம் படியேறி வந்தது. அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்தவர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

'மனமிருந்தால் மார்க்கமுண்டு' என்று மேடையில் பேசுவோர் இந்த நாளை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு மனம் இல்லாமலா போயிற்று? வாடகைக்கு வீடு இல்லை என்று சொன்னது சாதி. நம் பிள்ளை படிப்பை நிறுத்தும்போது 'சோம்பேறி, ஆர்வமில்லை' என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் வீட்டையும் கூலியையும் சாதியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனால், அதையே சொல்லி நாம் உட்கார்ந்துவிடவும் முடியாது. அவர் உட்காரவில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. உடன் வேலை பார்த்தவர்களில் சிலர், தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்றார்கள். வேலையை விட்டுவிடாமல் வகுப்பு எடுத்தார். பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் சிறு அறைகளில் குடும்பம் நடந்தது. சம்பளத்தில் மிச்சம்பிடித்தார். எதற்காக? அந்த நான்கு ஆண்டுக் கெடுவுக்குள் லண்டன் போய்ச் சேர்வதற்காக.

1920இல் மறுபடி கப்பல் ஏறினார். சொந்தச் சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நவல் பதேனா என்ற நண்பர் கொடுத்த கடனும் சேர்ந்தன. அந்த நண்பர் பார்சி. தடியோடு வந்து விரட்டியவர்களும் பார்சிகள், கடன் கொடுத்தவரும் பார்சி. உதவி எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

திருப்பி அனுப்பிய ஆய்வேடு

இரண்டாம் முறை போனபோது வயது இருபத்தொன்பது. குடும்பஸ்தர். நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே வருவார். வயிறு நிறையச் சாப்பாடு கிடையாது. 1921இல் எம்.எஸ்சி. முடித்தார். அடுத்து, ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். அதற்குள் கைக்காசு தீர்ந்து 1923இல் பம்பாய் திரும்பிவிட்டார். அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டின் இறுதியில் பட்டம் வந்தது. 1916இல் தொடங்கிய லண்டன் படிப்பு முடிய ஏழு ஆண்டுகள்.

கொலம்பியாவின் கணக்கு இன்னும் நீளம். அங்கே முனைவர் பட்டம் வேண்டுமென்றால் ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். புத்தகம் 1925இல்தான் வெளிவந்தது. பட்டம் முறையாகக் கைக்கு வந்தது 1927இல். கொலம்பியாவில் படிப்பை முடித்துக் கிளம்பி பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு.

அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, பெயருக்குப் பின்னால் அத்தனை பட்டங்கள் போட்டவரின் ஆய்வேடும் ஒருமுறை திரும்பி வந்தது. திரும்பி வந்த தாளை அவர் மறுபடி எழுதினார்.

என் கதையும் பெரிதாக வேறில்லை. பி.ஏ. முடித்து இரண்டு ஆண்டுகள் அச்சகத்தில் தாள் மடித்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். தொல்காப்பியத் தாளில் தோற்றேன். அச்சக முதலாளி, "உனக்கெதுக்குடா இலக்கணம்" என்று கேட்டார். அடுத்த முறை எழுதித் தேறினேன். அதற்கு என் மன உறுதி மட்டும் காரணமில்லை. தேர்வுக் கட்டணத்துக்குத் தன் காதுத் தோட்டை அடகு வைத்த அக்கா இருந்தாள்.

யார் கொடுத்த விலை?

அக்காவைச் சொன்னதும் ரமாபாய் அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கணவர் கடல் கடந்து படித்த ஆண்டுகளில் வறுமையோடு வீட்டை நடத்தியவர் அவர். பெற்ற பிள்ளைகளில் யஷ்வந்த் தவிர மற்ற நான்கு பேரையும் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1935இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அண்ணலின் பட்டங்களில் அந்த அம்மையாரின் பட்டினியும் இருக்கிறது.

இதைச் சொல்வது கண்ணீர் வரவழைக்க அல்ல. நம் தெருக்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. அண்ணன் கல்லூரிக்குப் போகிறான் என்றால், பிளஸ் டூ முடித்த தங்கை கம்பெனி வேனில் ஏறுகிறாள். அவளுக்கும் ஒரு கனவு இருந்திருக்கும். நர்சிங்கோ, போலீசோ. யாரும் கேட்டிருக்க மாட்டோம். உங்கள் படிப்பு யாருடைய படிப்பை நிறுத்தி நடக்கிறது என்று ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் முடித்த பிறகு அவளைத் தொடர வையுங்கள். அவளுக்கும் ஒரு தேதி குறித்து வையுங்கள்.

இன்று செய்ய வேண்டியது

படிப்பை நிறுத்த வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். வந்தால், கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள்.

ஒன்று, சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கல்லூரி முதல்வருக்குக் காரணத்தைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். பிறகு மறுசேர்க்கை கேட்கும்போது அந்தக் கடிதம் பேசும். நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கி வையுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் நெகிழி உறையில் போட்டுக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

இரண்டு, அரியர் எழுதப் பல்கலைக்கழகங்கள் ஒரு கால எல்லை வைத்திருக்கின்றன. உங்களுக்கு அது எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று தாளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை ஒன்று, அடுத்த முறை ஒன்று என்றாலும் கெடுவுக்குள் முடியும்.

மூன்று, பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. அதையும் விட்டவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

நான்கு, கட்டணம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்கள், அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92ஐக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்விக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கான ஆணை அது. 'முதலில் கட்டு, பிறகு பார்க்கலாம்' என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில நாள் சலிப்பு வரும். சாரத்தில் நின்று இறங்கிய உடம்பு இரவில் புத்தகத்தைத் தூக்காது. அந்த நாளில் ஒரு பக்கம் போதும். அதுவும் முடியாவிட்டால் தூங்குங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். ஒருநாள் விட்டதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் நம்மில் பலரைத் தோற்கடிக்கிறது.

மீந்த பணம்

விழா முடிந்த மூன்றாம் நாள் தெரு இளைஞர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மாலை, பந்தல், ஒலிபெருக்கி, கேசரி எல்லாம் போகக் கொஞ்சம் பணம் மீந்திருந்தது. வழக்கமாக அது அடுத்த ஆண்டு பேனருக்குப் போகும். நம் தெருவில் அரியர் வைத்திருப்பவர்களின் தேர்வுக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்றேன். முதலில் சலசலப்பு. பிறகு எண்ணிப் பார்த்தார்கள். எழுதாமல் விட்ட அரியரோடு எங்கள் ஒரு தெருவிலேயே ஏழு பேர் இருந்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள்.

சென்ட்ரிங் தம்பியிடம் அன்றிரவு லண்டன் கதை முழுவதையும் சொன்னேன். புத்தகக் கப்பல் மூழ்கியதைக் கேட்டவன், "எல்லாமே போயிடுச்சா அண்ணா?" என்றான். வேறெதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வேலைக்கு விடுப்புப் போட்டுக் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறான். திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தான்.

"அண்ணா, எனக்கு இன்னும் ரெண்டு தடவ எழுத டைம் இருக்காம். நவம்பர்ல ரெண்டு பேப்பர் கட்டுறேன். புக்கு மட்டும் யார்கிட்டயாவது கேட்டுக் குடுங்க."

புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன். பி.காம். மூன்றாம் ஆண்டு, செலவுக் கணக்கியல். இதைப் படிக்கும் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.