மழை வந்தா மேட்ச் கோவிந்தாவா?

மழை கொட்டுது. ஸ்கோர் போர்டு அப்படியே நிக்குது. கேலரியில் ஒருத்தர் விடாம நம்மளையே பார்த்து, 'மறுபடி எப்பங்க ஆரம்பிப்பாங்க?'ன்னு கேட்கிறார். கிரிக்கெட்டா இருந்தா ஓவரைக் குறைச்சு, டக்வொர்த் - லூயிஸ் கணக்கைத் தட்டிவிட்டு முடிச்சிடலாம். அமெரிக்காவின் செல்ல விளையாட்டான பேஸ்பாலில் அந்தப் பாச்சா பலிக்காது. காத்திருக்கணும் பாஸ்... காத்திருக்கணும்!

'அங்கேதான் பந்து தரையில் பிட்ச் ஆகறதே இல்லையே, அப்புறம் மழைக்கு எதுக்குப் பயம்?'ன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. விஷயம் இதுதான். பிட்சர் நிற்கும் மேடும், பேட்டர் ஓடும் பாதையும் களிமண் கலந்த தரை. நனைஞ்சா கால் வழுக்கும். அதைவிட டேஞ்சர், ஈரப் பந்து. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது பிடி நழுவினா, எதிரில் நிற்கிறவர் கதி? இதில் மின்னல் வேற!

அதனால் மேகம் கறுத்ததும் ஊழியர் படை ஓடிவந்து, பக்கத்துக்கு 170 அடி இருக்கும் மெகா தார்ப்பாயை விரிச்சு தரையை மூடிடும். தார்ப்பாய்னு சாதாரணமா நினைக்காதீங்க. 1985-ல் செயின்ட் லூயிஸ் அணியின் வின்ஸ் கோல்மேன், ஒரே சீசனில் 110 பேஸ்களைத் திருடிய மின்னல் ஓட்டக்காரர். ப்ளே-ஆஃப் நேரத்தில், மெதுவா உருண்டு வந்த தானியங்கி தார்ப்பாய் மெஷினில் அவர் கால் சிக்கிக்கிச்சு. வேர்ல்டு சீரிஸில் அவரால் ஆடவே முடியலை. அணியும் தோத்துப்போச்சு!

சரி, ஆட்டத்தை நிறுத்தறது யார்? ஆரம்பிக்கும் முன்னாடி பொதுவா சொந்த ஊர் அணி முடிவு பண்ணும். ஆடுவோர் பட்டியலைக் கையில் வாங்கிட்டா அதுக்கப்புறம் அம்பயர் ராஜ்யம்தான். நிறுத்தினதுமே 'கிளம்புங்க காத்து வரட்டும்'னு அவரும் சொல்லிட முடியாது. குறைஞ்சது 30 நிமிஷமாவது காத்திருந்துதான் ரத்து செய்யணும். 9 இன்னிங்ஸில் 5 முடிஞ்சிருந்தா, அதுவே முழு ஆட்டமா கணக்காகிடும்.

இந்த விதிதான் 2008 வேர்ல்டு சீரிஸில் எல்லோருக்கும் பி.பி-யை ஏத்துச்சு. ஐந்தாவது ஆட்டம், ஃபிலடெல்ஃபியாவில். ஜெயிச்சா கோப்பை. 5 இன்னிங்ஸ் முடிவில் ஃபிலடெல்ஃபியா 2-1 என முன்னிலை, மழையோ வெளுத்து வாங்குது. மழையால் ஒரு சாம்பியனா? 'விடமாட்டேன்'னு உறுதியா இருந்தார் கமிஷனர் பட் செலிக். ஆறாவது இன்னிங்ஸில் டாம்பா பே அணி 2-2 என சமன் செய்ய, ஆட்டம் பாதியில் நின்னுச்சு. 2 நாள் கழிச்சு விட்ட இடத்திலிருந்து ஆடி, 4-3 என ஃபிலடெல்ஃபியாவே கோப்பையைத் தூக்கியது. 2009-ல் ப்ளே-ஆஃப் ஆட்டங்கள் எல்லாத்தையும் முழுசா ஆடியே தீரணும்னு விதி வந்துச்சு.

மழை மட்டும்தான் வில்லனா? 1989-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்து வேர்ல்டு சீரிஸ் 10 நாள் தள்ளிப்போச்சு. 1976-ல் கூரை போட்ட ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமிலேயே ஆட்டம் ரத்து. உள்ளே ஒரு சொட்டு ஒழுகலை; ஊரே வெள்ளத்தில் மிதந்ததால் அம்பயர்கள் வந்துசேர முடியலை! 2024-ல் ஃபீனிக்ஸில் வலைமேல் தேனீக்கள் கூட்டமா வந்து உட்கார, கிட்டத்தட்ட 2 மணி நேரம் லேட். தேனீ பிடிக்க வந்தவரையே சம்பிரதாய முதல் பந்தையும் வீசச் சொல்லி கெளரவிச்சாங்க!

ஆனா, தாமதம் சிலருக்கு வரமும் ஆகும். 2016 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம். 108 வருஷமா கோப்பையைத் தொடாத சிகாகோ கப்ஸ், கையில் இருந்த முன்னிலையைக் கோட்டைவிட்டு 6-6. 9 இன்னிங்ஸ் முடிஞ்சதும் மழை. அந்த சீசன் முழுக்க பேட்டிங்கில் சொதப்பின ஜேசன் ஹேவர்டு, தொங்கின முகங்களை எல்லாம் ஜிம் அறைக்குள் கூட்டிட்டுப் போய்ப் பேசினார். மழை நின்னு வெளியே வந்தவங்க, 8-7 என ஜெயிச்சு அழுதாங்க.

அந்த மழை நீடிச்சது எவ்வளவு நேரம் தெரியுமா? வெறும் 17 நிமிஷம். நம்ம கேன்டீனில் ஒரு டீ வர்ற நேரம்தான் மக்கா!