மிரளும் பூனையைப் பழக்கும் முறை

ஏலமலையில், ஆனைக்கரையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வேலையாட்களை ஏற்றி வரும் ஜீப்புகளின் ஒலி கேட்டதும், வீட்டுப் பூனைகளிற் சில பரணில் ஏறி மறைந்துவிடும். ஏலக்காயை எலிகள் கடித்துப் பாழாக்கும் இப்பிரதேசத்தில் பூனை மிகவும் பயனுள்ள பிராணி. ஆயினும், அந்நியரைக் கண்டு ஒளியும் பூனையை நன்றியற்றது எனச் சிலர் இகழ்வர். வேறு சிலர் அதை இழுத்து வந்து விருந்தினர் மடியில் வைப்பர். முன்னது அநியாயம், பின்னது அபாயம்.

வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வாழ்வது. ஆபத்து நேரிடின் துணைக்கு வர அதற்குக் கூட்டம் இல்லை. ஆகவே, ஒளிதலே அதன் முதற் பாதுகாப்பு.

இவ்வச்சம் பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே வேரூன்றுகிறது. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளரும் குட்டிகள் பிற்காலத்தில் மனிதரிடம் எளிதிற் பழகுகின்றன என்பதை, அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக் கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980-களில் நடத்திய பரிசோதனைகள் காட்டின. தந்தைப் பூனையின் சுபாவத்திற்கும் இதில் பங்குண்டு என்று 1995-ல் சாண்ட்ரா மெக்கியூன் வெளியிட்ட ஆராய்ச்சி தெரிவித்தது. குட்டிகள் தம் தந்தையைக் காணாதிருந்தும் இவ்வாறு நிகழ்ந்தது வியப்பிற்குரியதே!

வளர்ந்த பூனைக்கு முதலில் ஒரு மறைவிடம் வேண்டும். நெதர்லாந்திலுள்ள ஊட்ரெக்ட் பல்கலைக் கழகத்தார், காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்திற்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி அளித்தனர். 2014-ல் வெளியான முடிவின்படி, பெட்டி பெற்றவை மற்றவற்றைவிட விரைவில் அமைதியுற்றன. வெறும் அட்டைப்பெட்டியே இதற்குப் போதும்.

அடுத்தது தூரம். பத்தடி தொலைவில் வரும் அந்நியரைக் கண்டு பூனை மிரளுமாயின், பதினைந்தடியிலிருந்து தொடங்குக. வந்தவர் பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, அதை உற்று நோக்காதிருக்கட்டும். அந்நேரத்தில் உப்பிடாது வேகவைத்த மீன்துண்டு ஒன்றைப் பூனையின் அருகில் இடுக. (கருவாட்டின் மணம் அதற்குப் பெருவிருப்பந்தான், ஆனால் அதிலுள்ள உப்பு நல்லதன்று.) உண்ண மறுத்தால், தூரம் போதவில்லை என்று கொள்க. உண்டால், சில நாட்கள் கழித்து ஓரடி குறைக்கலாம். முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு, 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் இதே முறையில் உணவளித்தவாறு முயலைச் சிறிது சிறிதாக அருகிற் கொணர்ந்து அச்சம் போக்கியதை ஆசிரியர்கள் அறிந்திருக்கலாம்.

புதிய தராசு, கூடை முதலியவற்றைப் பூனை படுக்கும் துணியால் துடைத்து ஒரு மூலையில் வைத்துவிட்டால், தன் மணம் அறிந்து அதுவே அருகில் வரும். இதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

காதுகள் பின்னோக்கி மடிந்து, கண்மணி விரிந்து, உடல் பதுங்குமாயின் உடனே விலகுக. மூலையில் மடக்கப்பட்ட பூனை கடிக்கும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசியம் கற்பிக்க வேண்டும். கடியோ கீறலோ நேர்ந்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டறிதல் வேண்டும். நன்கு பழகிய பூனை திடீரென ஒளியத் தொடங்கினால், அது நோய் அல்லது வலியின் அறிகுறியாகலாம். அப்பூனையைப் பழக்க முயலாது, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.