உம்மம்மா பயின்ற பள்ளி: வரலாறு தேடும் வழி

கல்வி தேடுவதை ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமையாக்கியது நம் மார்க்கம். எனினும், நம் உம்மம்மாமார் எங்கே, எதுவரை பயின்றனர் என வினவினால் பல இல்லங்களில் விடை கிடைப்பதில்லை. அவர்கள் பயின்ற பள்ளியின் வரலாற்றைத் தேடுவோர்க்குச் சில சான்றுகள் துணைபுரியும்.

முதற்சான்று பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. மாணவியின் பெயர், தந்தையார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள் ஆகியன அதில் இடம்பெறும். சில பக்கங்களைப் புரட்டினாலே, எத்தனை சிறுமியர் எந்த வகுப்போடு நின்றனர் என்பது விளங்கும்.

அடுத்தது அரசு ஆவணம். சென்னை மாகாணக் கல்வித்துறையின் ஆண்டறிக்கைகள் மாணவியரைச் சமய வாரியாகவும் கணக்கிட்டன. அக்கால அரசு ஆவணங்களைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அவற்றில் ‘முஸ்லிம்’ என்னும் சொல்லை மட்டும் தேடுதல் போதாது; ‘முகம்மதியர்’ என்றே அவை பெரிதும் குறித்தன.

பள்ளியின் பெயரும் சான்றாகும். சென்னை இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கென அமைந்த ஹோபர்ட் பள்ளியின் பெயர், 1872 முதல் 1875 வரை ஆளுநராயிருந்த ஹோபர்ட் பிரபுவையும் முஸ்லிம் பெண்கல்வியில் அக்கறை கொண்ட அவர் துணைவியாரையும் நினைவூட்டுகிறது. எந்தக் காலத்து ஆவணங்களில் தேடலைத் தொடங்குவது என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

புள்ளிவிவரங்களை எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, கடிதம் எழுதி அதன் மறுமொழியையும் படிக்க வல்லவரையே எழுத்தறிந்தவராகக் கொண்டது. திருக்குர்ஆனை ஓதவும் அரபுத் தமிழ் நூல்களை வாசிக்கவும் அறிந்து, எழுதப் பழகாத பெண் அக்கணக்கில் கல்லாதவரே. உம்மம்மாவின் கல்வியைப் பள்ளிக்கு வெளியேயும் தேடவேண்டியிருப்பது இதனாலேயே ஆகும்.

பதிவேட்டில் படிப்பு நின்ற இடமே கல்வி நின்ற இடமும் அன்று. மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிட்டார்.

பழைய பதிவேடுகள் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. நினைவிற் கொண்டோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஆதலின், மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே தத்தம் இல்லத்து மூதாட்டியாரிடம் பள்ளியின் பெயர், ஆசிரியை, உடன் பயின்றோர், படிப்பு நின்ற காரணம் ஆகியவற்றைக் கேட்டெழுதுக. பள்ளி நிர்வாகிகள் பதிவேடுகளைப் படியெடுத்துக் காப்பாராக. ஏட்டில் பெயரில்லாத பெண்ணைக் கல்லாதவர் என்று கூறிவிடுதல் பிற்காலத்தார்க்கு மிக எளிது.