படித்தது மறக்காமல் இருக்க

சாதாரண தரப் பரீட்சைக்கு விடிய விடியப் பாடமாக்கிவிட்டு, மண்டபத்தில் "எல்லாம் மறந்து போச்சு" என்று கலங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். குறை பிள்ளையில் இல்லை, படிக்கும் முறையில்தான்.

வரலாற்றில் ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடி, கண்டி ஒப்பந்தம் 1815, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867 எனப் பார்க்காமல் சொல்ல வேண்டும். விட்டுப்போனதைத் திறந்து பார்க்கலாம். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் இப்படியே. கொழுந்து மலைக்கு நாள் கணக்கு வைத்துத் திரும்பத் திரும்பப் போகிறோமே, அதுபோலத்தான்.

இடைவெளி விட்டுப் படிப்பதே மனதில் தங்கும் என்பதை 1885இல் ஜேர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் எழுதி வைத்தார்.

பெற்றோரே, எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேலை விட்டு வந்து, "இன்னைக்கு என்னா படிச்ச? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அதுவே பெரிய உதவி.