கொரோனாவைத் தடுக்க சீந்தில் அருந்திய சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது ஏன்?

கொச்சி: கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் நாடெங்கும் ஏராளமானோர் அருந்திய மூலிகை சீந்தில். வடஇந்தியாவில் கிலோய் என்றும் கேரளத்தில் சிற்றமிர்து என்றும் அழைக்கப்படும் இந்தக் கொடி, அருந்தியவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலையையும் கல்லீரல் அழற்சியையும் ஏற்படுத்தியதாக இந்திய மருத்துவர்களின் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கொச்சிப் பகுதியைச் சேர்ந்த கல்லீரல் நோய் மருத்துவர் சிரியாக் அப்பி பிலிப்ஸும் பங்கேற்றார்.

சீந்தில் கொச்சிக்குப் புதியதன்று. கொச்சி, டச்சுக்காரர்களின் ஆளுகையில் இருந்தபோது அதன் தளபதியாக விளங்கிய ஹென்ட்ரிக் வான் ரீட், 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' என்ற தாவர நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் சீந்திலும் படத்துடன் இடம்பெற்றுள்ளது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் அந்நூலுக்குத் தகவல் அளித்தவர்கள். மூலிகைகளின் பயன்பாட்டுக்கு இத்தனை பழமையான, படத்துடன் கூடிய சான்று வேறு பல ஊர்களுக்கு இல்லை.

ஆனால் ஒரு மூலிகை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையே அத்தகைய நூல்கள் பதிவு செய்கின்றன. வைத்தியரின் மேற்பார்வையின்றி, நோயே இல்லாதவர் அதை மாதக்கணக்கில் அருந்தினால் என்ன நேரும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. கொரோனா காலத்தில் நடந்ததோ பெரும்பாலும் இதுதான்.

இந்தியாவின் முதல் கொரோனா பாதிப்பு 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் உறுதி செய்யப்பட்டது. அப்போது அந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, உறுதியான மருந்தும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கஷாயங்களும் மாத்திரைகளும் நிரப்பின. மத்திய அரசு 2020 அக்டோபர் 6 அன்று வெளியிட்ட ஆயுர்வேத, யோகா சிகிச்சை நெறிமுறையிலும் சீந்தில் இடம்பெற்றது. தமிழகத்தில் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சேர்மானங்களிலும் சீந்தில் ஒன்று.

அரசு நெறிமுறை, சீந்தில் மாத்திரையை 15 நாள்கள் அல்லது ஒரு மாதம் அல்லது ஆயுர்வேத மருத்துவரின் அறிவுரைப்படி உட்கொள்ளலாம் எனக் குறிப்பிட்டது. வீடுகளில் இந்தக் கால வரம்பைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மூலிகைதானே என்ற எண்ணம் அளவையும் நாளையும் மறக்கச் செய்துவிடுகிறது.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கல்லீரல் பாதிப்புடன் வந்த 6 பேர் சீந்தில் அருந்தியிருந்ததை மும்பை மருத்துவர்கள் கவனித்து, 2021-இல் ஆய்விதழில் பதிவு செய்தனர். அடுத்து நாட்டின் 13 மருத்துவ மையங்களில் இருந்து 43 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டு, 2022-இல் 'ஹெபடாலஜி கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியாயின. சிரியாக் அப்பி பிலிப்ஸ் பங்கேற்றது இந்த ஆய்வில்தான். அருந்தத் தொடங்கியதற்கும் அறிகுறி தோன்றியதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 46 நாள்கள். அதாவது பாதிப் பேருக்கு அதற்கு முன்பே அறிகுறி தோன்றிவிட்டது.

பாதிப்பின் தன்மைதான் இங்கு முக்கியமானது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலின் கல்லீரல் செல்களையே தாக்கும் 'தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி'யின் அடையாளங்கள் நோயாளிகளிடம் காணப்பட்டன. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதற்காகவே சீந்தில் அருந்தப்படுகிறது. அந்தத் தூண்டுதலே, இத்தகைய நோய்க்கான இயல்பு உடலில் மறைந்திருப்பவர்களுக்கு அதை வெளிப்படுத்திவிடக்கூடும் என்பது மருத்துவர்களின் விளக்கம். தமக்குக் கல்லீரல் நோய் இருப்பதே தெரியாதவர்களும் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர்.

இந்த முடிவை மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை. கல்லீரல் பாதிப்புடன் சீந்திலைத் தொடர்புபடுத்துவது தவறான தகவல் என்று 2021 ஜூலையில் அது தெரிவித்தது. நோயாளிகள் அருந்திய பொருளை மும்பை மருத்துவர்கள் பகுப்பாய்வு செய்யவில்லை என்றும், தோற்றத்தில் ஒத்த, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு கொடியைச் சீந்தில் எனக் கருதியிருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது. டினோஸ்போரா கிரிஸ்பா என்ற அந்தக் கொடி கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பது ஏற்கெனவே அறியப்பட்டதே. எனினும், வேலியில் படர்ந்த கொடியை வெட்டிக் கஷாயம் வைப்பவருக்கு இந்த வாதம் ஆறுதல் தராது. இரண்டையும் பிரித்தறிவது அவருக்கும் எளிதன்று.

43 என்ற எண்ணிக்கையைக் கொண்டு, அருந்தியவர்களில் எத்தனை பேருக்கு ஒருவர் பாதிக்கப்படுவார் எனக் கணக்கிட முடியாது. ஆய்வின் நோக்கமும் அதுவன்று. அருந்திய பெரும்பாலானோர் நலமாகவே இருக்கின்றனர் என்பதும் கண்கூடு. ஆனால் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் இந்த மாத்திரையை வாங்குவோரிடம் தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், கல்லீரல் நோய் உண்டா என்று பொதுவாக எவரும் கேட்பதில்லை.

உரிம விதிகளும் இதற்கு ஒரு காரணம். மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் 158-பி பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் உள்ள ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்தை, அந்நூல் கூறும் அதே நோய்க்காகத் தயாரிக்க உரிமம் பெறுவதற்குப் புதிய பாதுகாப்புச் சோதனை தேவையில்லை. நூல் ஆதாரமே போதும். 2019-இல் தோன்றிய கொரோனா வைரஸ் அந்நூல்கள் எதிலும் இல்லை.

சீந்தில் அல்லது வேறு மூலிகைப் பொருளை உட்கொள்வோருக்குக் கண் மஞ்சளாதல், அடர்நிறச் சிறுநீர், தொடர் அரிப்பு, பசியின்மை, காரணமற்ற சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே அதை நிறுத்திவிட்டு, கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது உட்கொண்ட பொருளின் உறையையோ, எஞ்சிய பொடியையோ எடுத்துச் செல்வது நல்லது. 'வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்குப் பலரும் 'இல்லை' என்றே பதில் கூறுகின்றனர். கஷாயம் அவர்கள் கணக்கில் மருந்தாக வருவதில்லை.