ஆட்டத்திற்கு முன் ஓர் அமர்வு

வண்டி புறப்படுமுன் பிரேக்கைச் சோதிக்காமல் எவரும் பச்சைக் கொடி காட்டுவதில்லை. ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது அன்றாடப் பாடம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில், நம் சங்கக் கூடத்தில் அப்பாடத்தை மறந்துவிட்டோம்.

மாணவர் ஐவர், பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டை ஆட விரும்பினர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவர். துணிந்து செய்யும் செயல் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை கூறும்.

நாமும் மகிழ்ந்து, மேசையும் தேநீரும் அளித்தோம். மூன்றாம் நாள் கதையில் ஆறு பெருகி ஓர் ஊரையே அடித்துச் சென்றது. நடத்திய பிள்ளை அதை வெகு திறமையாக வருணித்தான். ஒரு பெண் மட்டும் பகடையை வைத்துவிட்டு எழுந்து போனாள். பின்சென்று வினவினோம். “ஒன்றுமில்லை மாமா. எங்கள் பாட்டி வெள்ளத்தில்தான் போனார்கள்” என்றாள். ஒரே குடியிருப்பில் ஆறாண்டுகள் வாழ்ந்தும் இதை நாம் அறிந்திருக்கவில்லை. குற்றம் அப்பிள்ளையுடையதன்று, முன்கூட்டிக் கேளாத நம் அனைவருடையதுமாகும்.

இவ்வாட்டத்தில் பழகியோர் பலர் முதல் நாளில் ஆடுவதில்லை, கூடிப் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் அதற்குச் ‘செஷன் ஜீரோ’ என்று பெயர். பூஜ்ய அமர்வு எனலாம். 2020-இல் வெளியான, அவ்வாட்டத்தின் துணைநூலொன்றும் இதனை விளக்குகிறது.

மறுவாரம் நாமும் அவ்வாறே அமர்ந்தோம். கதை நகைச்சுவையா, வீரமா? எத்தனை மணிக்கு முடிப்பது? பாத்திரங்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் அறிவர்? தமிழ் சரளமாக வராத இருவருக்காக இந்தியும் கலக்கலாமா? கதையில் எவை வரவே கூடாது? இறுதிக் கேள்விக்கு மட்டும் பெயரின்றிச் சீட்டில் விடை எழுதினர். காரணம் எவரும் கேட்கவில்லை. பெருக்கல் குறியிட்ட அட்டையொன்றும் மேசைமேல் வைக்கப்பட்டது. நடுவில் மனம் நொந்தவர் அதைத் தொட்டால், அக்காட்சி அங்கேயே நிற்கும்.

இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரமே ஆயிற்று. அப்பெண்ணும் வந்திருந்தாள். சீட்டுகளைப் பிரித்தபோது ‘வெள்ளம்’ என்ற சொல் ஒன்றிலன்று, இரண்டில் இருந்தது. மற்றொன்றை எழுதியவர் யாரென்று இன்றளவும் நாம் கேட்கவில்லை.

பல ஊர்களிலிருந்து வந்து ஒரே கூரையின்கீழ்க் கூடுகிறோம். அவரவர் சுமந்து வந்த துயரம் அவரவருக்கே தெரியும். வரும் விடுமுறையிலும் கூடம் திறந்திருக்கும். பெற்றோர் தம் மக்களைத் தவறாது அனுப்ப வேண்டுகிறோம். முதல் நாள் பகடை வேண்டா. வந்தமர்ந்து பேசினால் போதும்.